என்ஹெச்எல்லின் முதல் சீசன்: ஒரே ஒரு ஆளைக் கழற்றிவிடப் போட்ட லீக்

கேட்ட கேள்வி இரண்டு. என்ஹெச்எல், அதாவது நேஷனல் ஹாக்கி லீக் என்ற ஐஸ் ஹாக்கி லீக், 1917-ல் தொடங்கியதே ஒரு டீம் முதலாளியைத் துரத்தத்தான் என்று சொல்கிறார்களே, உண்மையா? அந்த முதல் சீசன் எப்படித்தான் நடந்தது?

முதல் கேள்விக்குப் பதில்: ஆமாம், உண்மைதான். அந்த ஆளின் பெயர் எடி லிவிங்ஸ்டன். இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த சீசனில் ஒழுங்காக நடந்தது என்று எதையும் சொல்ல முடியாது. ஒரு மைதானம் எரிந்தது, ஒரு டீம் பாதியில் காணாமல் போனது, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே விதியை மாற்றினார்கள், ஆட்டக்காரர்களை போலீஸ் பிடித்தது, ஐஸ் மேலே சில்லறைக் காசு சிதறியது. அந்த லீக்தான் நூறு வருடத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது.

முன்கதை தெரிந்தால்தான் புரியும். என்ஹெச்எல்லுக்கு முன்னால் என்ஹெச்ஏ, அதாவது நேஷனல் ஹாக்கி அசோசியேஷன், என்று ஒரு லீக் 1909 டிசம்பரில் தொடங்கியது. அப்போது கனடாவில் ஹாக்கிக்காகப் பணத்தை வாரி இறைத்தார்கள். ரென்ஃப்ரூ என்ற சின்ன ஊர் டீம், சைக்ளோன் டெய்லர் என்ற ஆட்டக்காரருக்கு 12 மேட்சுக்கு 5,250 டாலர் கொடுத்தது என்பது அந்தக் காலத்தில் ஊரே பேசிய செய்தி. அந்தக் கொண்டாட்டம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1914-ல் போர் வந்தது, ஆட்டக்காரர்கள் பட்டாளத்துக்குப் போனார்கள், பார்க்க வரும் கூட்டமும் குறைந்தது. மேற்குக் கரையில் பாட்ரிக் சகோதரர்கள் நடத்திய பசிஃபிக் கோஸ்ட் லீக் வேறு, கிழக்கிலிருந்து நல்ல ஆட்டக்காரர்களைக் காசு காட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் லிவிங்ஸ்டன் வருகிறார். டொராண்டோவில் ஷாம்ராக்ஸ் என்ற டீம் ஏற்கெனவே அவர் கையில் இருந்தது, 1915-ல் ப்ளூஷர்ட்ஸ் டீமையும் வாங்கினார். ஒரே ஆளிடம் இரண்டு டீமா என்று மற்ற முதலாளிகள் கொதித்தார்கள். அதற்குள் மேற்குக் கரைக்காரர்கள் ப்ளூஷர்ட்ஸ் ஆட்டக்காரர்களில் முக்கியமானவர்களை சியாட்டிலுக்கு அள்ளிக்கொண்டு போய்விட, இவர் ஷாம்ராக்ஸ் ஆட்களை ப்ளூஷர்ட்ஸுக்கு மாற்றி ஒரு டீமாக நிறுத்தினார். இதிலிருந்தே லீக்குக்கும் அவருக்கும் ஓயாத தகராறு. ஷெட்யூல் சரியில்லை, பங்கு சரியில்லை, இன்னார் என் ஆட்டக்காரரைத் திருடிவிட்டார் என்று எதற்கும் சண்டை. நியாயமாகப் பார்த்தால் பல விஷயங்களில் அவர் பக்கம்தான் சரி என்று எனக்குத் தோன்றும், ஆனால் நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்பதை ஒருவர் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1916-17 சீசனில் இன்னொரு கூத்து. கனடா ராணுவத்தின் 228-வது பட்டாலியன் ஒரு டீமாகவே லீக்கில் சேர்ந்து, டொராண்டோவில் ஆடியது. பட்டாளத்தில் சேர்ந்திருந்த தொழில்முறை ஆட்டக்காரர்களை வைத்தே அந்த டீம். 1917 பிப்ரவரியில் அவர்களுக்குக் கடல் கடந்து போக உத்தரவு வந்துவிட்டது. ஆறு டீம் ஐந்தானது, ஐந்து பேரை வைத்து ஷெட்யூல் போடுவது தொல்லை, அதனால் முதலாளிகள் கூடி என்ன முடிவெடுத்தார்கள் தெரியுமா? ப்ளூஷர்ட்ஸையும் நிறுத்திவிடலாம், அந்த ஆட்டக்காரர்களை நாம் பிரித்துக்கொள்ளலாம்! சீசன் நடுவில், ஒரு குற்றமும் செய்யாத டீமை. லிவிங்ஸ்டன் கோர்ட்டுக்குப் போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அவரை அப்படியே வெளியே தள்ள என்ஹெச்ஏவின் விதிகளில் வழி இல்லை. எனவே மற்றவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். தெருவில் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இது புரியும். அவுட் கொடுத்தால் பேட்டைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வரும் பையனை யாரும் "நீ வராதே" என்று சொல்வதில்லை. மறுநாள் அவனிடம் சொல்லாமல் வேறு கிரவுண்டுக்குப் போய்விடுவார்கள். 1917 நவம்பரில் மான்ட்ரியலின் விண்ட்சர் ஹோட்டலில் சில நாள் இடைவெளியில் கூடிப் பேசி, என்ஹெச்ஏவை நிறுத்தி வைப்பதாக முடிவு செய்து, 26-ம் தேதி அதே ஆட்கள், கிட்டத்தட்ட அதே விதிகள், அதே டீம்களோடு நேஷனல் ஹாக்கி லீக் என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள். லிவிங்ஸ்டனுக்கு அதில் இடமில்லை, அவ்வளவுதான். மான்ட்ரியல் வாண்டரர்ஸ் முதலாளி சாம் லிக்டன்ஹைன் சொன்னதாக ஒரு கதை உண்டு: நாங்கள் அவரை வெளியேற்றவே இல்லை, பழைய லீக்கில் அவருடைய டீம் அப்படியே பத்திரமாக இருக்கிறது, என்ன, அந்த லீக்கில் இப்போது அவர் டீம் மட்டும்தான் இருக்கிறது.

புது லீக்குக்குத் தலைவர், பழைய லீக்கின் செயலாளர் ஃபிராங்க் கால்டர். இங்கிலாந்திலிருந்து வந்தவர், பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். அவர் 1943 வரை, சாகும் வரை, அந்த நாற்காலியில் இருந்தார். தொடங்கும்போது யாரும் அவ்வளவு நாள் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். லிவிங்ஸ்டன் அலுத்துப்போய் விலகும் வரை ஒரு வருடம் தள்ளினால் போதும் என்பதுதான் அவர்கள் எண்ணம் என்று நினைக்கிறேன்.

டீம்கள்: மான்ட்ரியல் கனடியன்ஸ், மான்ட்ரியல் வாண்டரர்ஸ், ஒட்டாவா, டொராண்டோ. கியூபெக் டீமுக்குக் கையில் காசில்லை, அந்த வருடம் ஆடவில்லை. அதன் ஆட்டக்காரர்களை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். அதில் கனடியன்ஸுக்குக் கிடைத்தவர் ஜோ மலோன். இவரைப் பற்றிப் பிறகு வருகிறேன். டொராண்டோ உரிமையைத் தற்காலிகமாக அரீனா கார்டன்ஸ் என்ற மைதானக் கம்பெனியிடம் கொடுத்தார்கள். டொராண்டோவில் இருப்பவர்களுக்கு இடம் தெரியும்: மியூச்சுவல் ஸ்ட்ரீட், டண்டாஸுக்கும் ஷட்டருக்கும் நடுவில். 1989-ல் இடித்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அதற்கு ஒரு பெரிய பலம், செயற்கை ஐஸ். வெயில் ஏறி ஐஸ் இளகுமோ என்ற பயம் இல்லாமல் மார்ச் கடைசி வரை ஆடலாம். இந்த மைதானத்தை விட்டுவிட்டு லீக் நடத்த முடியாது, ஆனால் அங்கே ஆடக்கூடிய ஆட்டக்காரர்கள் எல்லாம் லிவிங்ஸ்டனுடைய ஆட்கள்! கடைசியில் அரீனா கம்பெனி அந்த ஆட்டக்காரர்களை ஒரு சீசனுக்கு எடுத்துக்கொண்டு ஆட வைத்தது. அதற்கான பணம் எவ்வளவு என்பதில்தான் அடுத்த வழக்கே பிறந்தது.

முதல் இரவு 1917 டிசம்பர் 19. ஒரே நேரத்தில் இரண்டு மேட்ச். மான்ட்ரியலில் வாண்டரர்ஸும் டொராண்டோவும். சீருடையில் வரும் படைவீரர்களுக்கு இலவசம் என்று அறிவித்தும், வந்த கூட்டம் சுமார் 700 பேர்தான். வந்தவர்களுக்கு ஏமாற்றமில்லை, வாண்டரர்ஸ் 10–9 என்று ஜெயித்தது. முதல் கோலை வாண்டரர்ஸின் டேவ் ரிட்சி அடித்தார். ஹாரி ஹைலண்ட் மட்டும் ஐந்து. ஒட்டாவாவிலோ, ஆட்டக்காரர்களுக்கும் நிர்வாகத்துக்கும் ஒப்பந்தத் தகராறு, அதனால் மேட்ச் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கியது. கனடியன்ஸ் 7–4 என்று ஜெயித்தது, அதில் மலோன் ஐந்து கோல்.

10–9 என்றதும் இது ஹாக்கியா வேறு ஏதாவதா என்று தோன்றும். அன்றைய ஆட்டம் வேறு மாதிரி. முன்னால் நிற்கிற சக ஆட்டக்காரருக்குப் பாஸ் கொடுக்கக் கூடாது. பின்னாலோ பக்கவாட்டிலோதான் தள்ளலாம். எனவே ரப்பர் வட்டை, அதாவது பக்கை, மட்டையில் ஒட்டவைத்தது போல ஓட்டிக்கொண்டு தானே போய்ச் சேர வேண்டும். வேகமும் வளைந்து நெளிந்து நழுவும் வித்தையும் உள்ளவனுக்குத்தான் ராஜ்யம். மாற்று ஆட்டக்காரர்கள் மிகக் குறைவு, முக்கியமானவர்கள் கிட்டத்தட்ட முழு 60 நிமிடமும் ஐஸில்தான். எல்லாவற்றுக்கும் மேலே, கோல்கீப்பர் நின்றபடியேதான் தடுக்க வேண்டும். விழக் கூடாது, மண்டியிடக் கூடாது. வேண்டுமென்றே விழுந்தால் பெனால்டி. பெனால்டி என்றால் கோல்கீப்பரே வெளியே போய் உட்கார வேண்டும், கோலைக் காக்க வேறு யாராவது நிற்க வேண்டும். நினைத்துப் பாருங்கள், தரையோடு வழுக்கி வருகிற வட்டை நின்ற வாக்கில் காலால் தடுக்க வேண்டும்.

இந்த விதியை உடைத்தது ஒட்டாவாவின் கிளின்ட் பெனடிக்ட். இவர் விதியை எதிர்த்து மனுப் போடவில்லை, சும்மா விழுந்துகொண்டே இருந்தார். வட்டு வரும்போதெல்லாம் கால் தடுக்கியது போல, ஐஸ் வழுக்கியது போல, தற்செயலாக நடந்தது போல முழங்காலில் விழுவார். டொராண்டோ ரசிகர்கள் அவருக்குப் பிரார்த்தனைக்காரர் என்று பட்டப்பெயர் வைத்து, படுக்கையைக் கொண்டு வா என்கிற ரீதியில் கேலி செய்தார்கள். நடுவருக்கோ தலைவலி: தவறி விழுந்தாரா, தானாக விழுந்தாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 1918 ஜனவரி 9-ம் தேதி, சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, விதியை எடுத்துவிட்டார்கள். இனி கோல்கீப்பர் எப்படி வேண்டுமானாலும் தடுக்கலாம், தலைகீழாக நின்றாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று கால்டர் சொன்னதாகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், அந்த சீசன் ஹாக்கிக்கு விட்டுப் போன பெரிய விஷயம் இதுதான்; இன்று கோல்கீப்பர் மண்டியிட்டுக் காலை விரித்துத் தடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் பெனடிக்ட் ஞாபகம் வரும். அப்படியும் லீக்கின் முதல் ஷட்-அவுட், அதாவது ஒரு கோலும் விடாத மேட்ச், அவருடையது அல்ல. பிப்ரவரி 18-ல் டொராண்டோவை 9–0 என்று தோற்கடித்தபோது கனடியன்ஸின் ஜார்ஜ் வெசினா அதைச் செய்தார். இவர் பெரும்பாலும் நின்றே ஆடியவர் என்பது வேடிக்கை.

இதற்குள் வாண்டரர்ஸ் கதை முடிந்துவிட்டது. அதைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் அது சாதாரண டீம் இல்லை. 1906 முதல் 1910 வரை நான்கு முறை ஸ்டான்லி கோப்பையை, அதாவது கனடா ஹாக்கியின் பெரிய கோப்பையை, வைத்திருந்த டீம். போரால் ஆள் பஞ்சம், முதல் மேட்சுக்குப் பிறகு ஆடிய மூன்றிலும் தோல்வி, மற்ற டீம்கள் ஆள் கொடுத்து உதவாவிட்டால் விலகிவிடுவேன் என்று லிக்டன்ஹைன் மிரட்டிக்கொண்டிருந்தார். ஜனவரி 2-ம் தேதி வெஸ்ட்மவுண்டில் இருந்த மான்ட்ரியல் அரீனா தீப்பிடித்து எரிந்து சாம்பலானது. கனடியன்ஸுக்கும் அதுதான் சொந்த மைதானம், இரண்டு டீமின் சாமான்களும் உள்ளே. கனடியன்ஸ் நகரின் இன்னொரு பக்கம் இருந்த ஜூபிலி ரிங்க் என்ற சின்ன இடத்துக்கு மூட்டையைக் கட்டியது. லிக்டன்ஹைன் இதுதான் சாக்கு என்று கடையைக் கட்டிவிட்டார். அடுத்து வாண்டரர்ஸ் ஆட வேண்டிய இரண்டு மேட்சை, ஆடாமலேயே, கனடியன்ஸும் டொராண்டோவும் ஜெயித்ததாகக் கணக்கில் எழுதினார்கள். அட்டவணையில் அந்த டீமின் மொத்தக் கணக்கு: ஒரு வெற்றி, ஐந்து தோல்வி. அந்த ஒரு வெற்றிதான் முதல் இரவின் 10–9.

ஆக மிச்சம் மூன்று டீம். மூன்று டீமை வைத்துக்கொண்டு ஒரு லீக்!

சரி, மலோன். கியூபெக்காரர், அலட்டல் இல்லாத ஆள், எங்கிருந்து வந்தார் என்று தெரியாமல் கோலுக்கு முன்னால் வந்து நிற்பார் என்பதால் ஃபேன்டம் என்று பெயர். கனடியன்ஸில் நியூஸி லலோண்டும் டிடியே பிட்ரேயும் பக்கத்தில். அந்த சீசனில் 20 மேட்சில் 44 கோல் அடித்தார். ஒரே மேட்சில் ஐந்து கோல் என்பதை மட்டும் மூன்று முறை செய்தார். மேட்சுக்கு 2.2 கோல் என்ற அந்தச் சராசரியை இன்று வரை ஒரு முழு சீசனில் யாரும் தொடவில்லை. மொத்த எண்ணிக்கையைத் தாண்டவே 1944-45-ல் மாரிஸ் ரிஷார் வர வேண்டியிருந்தது, அவரும் 50 மேட்ச் ஆடினார். கோல்கீப்பர் நின்றுகொண்டே ஆடிய காலம்தானே என்று குறைத்துச் சொல்பவர்கள் உண்டு. சொல்லட்டும், அதே கோல்கீப்பர்களுக்கு எதிரே மற்றவர்களும்தானே ஆடினார்கள். அடுத்த இடத்தில் ஒட்டாவாவின் சை டென்னனி, 36. இன்னொன்று, இவ்வளவு சாதித்தவர் அடுத்த வருடம் கியூபெக்கில் நல்ல வேலை கிடைத்ததும் பெரும்பாலும் கனடியன்ஸின் சொந்த மைதான மேட்சுகளுக்கு மட்டுமே வந்து போனார். லீக்கின் மிகப் பெரிய ஆட்டக்காரருக்கே ஹாக்கியை விட ஒரு நிலையான உத்தியோகம் மேல் என்று பட்ட காலம் அது.

டொராண்டோ பக்கம் வருவோம். மேனேஜர் சார்லி குவெரி, தொடக்கத்திலேயே தன் ஆட்களுக்கு எழுதிக் கொடுத்த அறிவுரைகளில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும்: இன்னொருவன் மண்டையில் மட்டையால் அடிக்க வீரம் தேவையில்லை, சண்டை போட ஆசையாக இருந்தால் ஃபிரான்ஸுக்குப் போங்கள். அங்கேதான் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அவருடைய ஆட்கள் இந்த அறிவுரையை எவ்வளவு மதித்தார்கள் என்றால், ஜனவரி 28-ம் தேதி ஆல்ஃப் ஸ்கின்னரும் கனடியன்ஸின் ஜோ ஹாலும் மட்டையாலேயே ஒருவரை ஒருவர் போட்டுத் தாக்க, டொராண்டோ போலீஸ் இருவரையும் கைது செய்தது. கோர்ட் கண்டித்து விட்டுவிட்டது.

பிப்ரவரி 23-ல் நடந்ததுதான் இன்னும் அழகு. டொராண்டோவின் கென் ராண்டல் லீக்குக்கு 35 டாலர் அபராதம் பாக்கி, கட்டாவிட்டால் ஆட முடியாது. மனிதர் வந்தார். 32 டாலருக்கு நோட்டு, மீதி மூன்று டாலருக்கு ஒரு பையில் 300 செப்புக் காசு. காசை வாங்க மாட்டோம் என்றுவிட்டார்கள். இவர் பையை ஐஸ் மேலே வீச, ஒட்டாவா ஆட்டக்காரர் ஒருவர் சும்மா இருக்க மாட்டாமல் மட்டையால் அதை ஓங்கி ஒரு தட்டு தட்ட, பை கிழிந்து காசெல்லாம் ரிங்க் முழுக்கத் தெறித்தது. ஸ்கேட் கத்தி ஒரு காசில் ஏறினால் ஆள் குப்புற விழ வேண்டியதுதான், அதனால் எல்லாக் காசையும் பொறுக்கி முடிக்கும் வரை மேட்ச் நின்றது. இன்றைக்கு இப்படி நடந்தால் எத்தனை நாள் இதையே ஓட்டிக்கொண்டிருப்போம்!

சீசனை இரண்டு பாதியாகப் பிரித்திருந்தார்கள். முதல் பாதியைக் கனடியன்ஸ் 10 வெற்றி 4 தோல்வி என்று முடித்து முதலிடம், இரண்டாம் பாதியில் டொராண்டோ 5–3 என்று முதலிடம். இரண்டையும் கூட்டினால் இருவருக்கும் 13–9, அச்சுப் பிசகாமல் சமம். இரண்டு மேட்ச், மொத்த கோல் கணக்கு என்று ஃபைனல் வைத்தார்கள். டொராண்டோ முதலில் 7–3 என்று ஜெயித்து, அடுத்ததில் 3–4 என்று தோற்று, மொத்தம் 10–7 என்று லீக்கைத் தட்டிச் சென்றது. முதலாளியே இல்லாமல், பெயரே சரியாக இல்லாமல், வழக்கில் இருக்கிற ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு.

அப்புறம் ஸ்டான்லி கோப்பை. அப்போது அது என்ஹெச்எல்லின் சொத்து இல்லை. கிழக்கு சாம்பியனும் மேற்கு சாம்பியனும் மோதி எடுக்க வேண்டியது. மேற்கிலிருந்து வான்கூவர் மில்லியனேர்ஸ் கண்டம் கடந்து ரயிலேறி வந்தது. இங்கே ஒரு சிக்கல்: மேற்கில் டீமுக்கு ஏழு பேர் ஆடுவார்கள், ரோவர் என்று ஒரு கூடுதல் ஆள், நடுப்பகுதியில் முன்னால் பாஸ் கொடுக்கவும் அனுமதி. கிழக்கில் ஆறு பேர், முன்பாஸ் இல்லை. சமாதானம் என்னவென்றால் ஒரு மேட்ச் இவர்கள் விதி, அடுத்த மேட்ச் அவர்கள் விதி. முடிவைப் பாருங்கள்: கிழக்கு விதியில் 5–3 டொராண்டோ, மேற்கு விதியில் 6–4 வான்கூவர், கிழக்கில் 6–3 டொராண்டோ, மேற்கில் 8–1 வான்கூவர். யார் விதியோ அவர் வெற்றி. ஐந்தாவது மேட்ச் கிழக்கு விதி! மார்ச் 30-ம் தேதி 2–1 என்று டொராண்டோ ஜெயித்தது, வெற்றிக் கோல் கார்ப் டென்னனி, அதாவது ஒட்டாவா சை டென்னனியின் தம்பி. வான்கூவரில் ஆடிய அதே சைக்ளோன் டெய்லர் தொடரில் ஒன்பது கோல் அடித்தும் வெறுங்கையோடு ரயிலேறினார். எல்லா மேட்சும் டொராண்டோவிலேயே நடந்தது, கடைசி மேட்ச் கிழக்கு விதி. வான்கூவர்காரர்கள் முணுமுணுத்திருந்தால் தப்பே இல்லை. ஆனால் ஒன்று, அடுத்த சீசனிலேயே நடுப்பகுதியில் முன்பாஸ் கொடுக்கும் விதியை என்ஹெச்எல் மேற்கிலிருந்து எடுத்துக்கொண்டது. தோற்றவர்களின் ஆட்டம்தான் பார்க்க நன்றாக இருந்தது என்று யாருக்கோ உறைத்திருக்க வேண்டும்.

லிவிங்ஸ்டன் என்ன ஆனார்? வருடக்கணக்கில் வழக்கு நடத்தினார். அரீனா கம்பெனிக்கு எதிராக அவர் பக்கம் தீர்ப்பும் வந்தது, அப்பீலில் தொகையை வெட்டினார்கள். போட்டிக்கு வேறு லீக் தொடங்கவும் முயன்றார், எடுபடவில்லை. டொராண்டோ டீம் 1919-ல் கை மாறி செயின்ட் பாட்ரிக்ஸ் ஆனது, 1927-ல் மேப்பிள் லீஃப்ஸ் ஆனது; தங்கள் முதல் கோப்பையாக இந்த 1918-ஐயும் லீஃப்ஸ் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். போலீஸ் பிடித்த ஜோ ஹால், அடுத்த வருடம் சியாட்டிலில் கோப்பைத் தொடரின் நடுவே ஸ்பானிஷ் ஃப்ளூ கண்டு 1919 ஏப்ரல் 5-ல் இறந்தார். அந்த வருடம் கோப்பை யாருக்கும் இல்லை.

கோப்பையில் பெயர் பொறிக்கும் வழக்கம் அப்போதே இருந்தது. 1918-ல் ஜெயித்த டொராண்டோ டீமின் பெயரை யாரும் பொறிக்கவில்லை. சுமார் 30 வருடம் கழித்துக் கோப்பையைப் புது வடிவத்தில் செய்தபோதுதான் சேர்த்தார்கள். அங்கே இருப்பது டொராண்டோ அரீனாஸ் என்ற பெயர். ஜெயித்த சீசனில் அந்த டீமுக்கு அப்படி ஒரு பெயரே கிடையாது.